இடியாத பாலம்: லங்காஸ்டரில் ரயில்களை நிறுத்திய போலிப் படம்

2025 டிசம்பர் 3, புதன்கிழமை இரவு 11.23 மணிக்கு வடமேற்கு இங்கிலாந்தின் லங்காஷயர் கடலோரத்தில், சில்வர்டேல் என்ற ஊருக்கு அருகே நிலம் அதிர்ந்தது. அளவு 3.3. படுக்கப் போனவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள், சமூக ஊடகங்களில் ‘உங்களுக்கும் அதிர்ந்ததா?’ என்று கேட்டுக்கொண்டார்கள். அந்தக் கேள்விகளுக்கு நடுவே ஒரு படம் சுற்றத் தொடங்கியது. லங்காஸ்டர் நகரில் லூன் ஆற்றைக் கடக்கும் கார்லைல் ரயில் பாலம் பெரிய அளவில் உடைந்து கிடப்பதாக அது காட்டியது.

நள்ளிரவு 12.30 மணிக்குப் படம் பற்றிய தகவல் நெட்வொர்க் ரெயிலுக்கு எட்டியது. பிரிட்டனின் தண்டவாளங்களையும் பாலங்களையும் பராமரிக்கும் நிறுவனம் அது. பாலத்தின் வழியே செல்லும் ரயில்கள் நிறுத்தப்பட்டன. ஆய்வு முடிந்து 2 மணி வாக்கில் பாதை முழுவதும் திறக்கப்பட்டது. சரக்கு ரயில்களையும் சேர்த்து 32 ரயில்கள் தாமதமாயின. லண்டனையும் ஸ்காட்லாந்தையும் இணைக்கும் மேற்குக் கடற்கரை முதன்மைப் பாதை அது என்பதால், லங்காஸ்டரில் ஏற்பட்ட தாமதம் வடக்கே வெகுதூரம் வரை தொடர்ந்தது. பாலத்துக்கோ ஒன்றுமே ஆகவில்லை. பிபிசி செய்தியாளர் ஒருவர் நேரில் போய்ப் பார்த்து அதை உறுதி செய்தார். இன்னொரு செய்தியாளர் படத்தை ஏஐ உரையாடு கருவியிடம் கொடுத்தபோது, திருத்தப்பட்டிருக்கக்கூடிய இடங்களை அது சுட்டிக்காட்டியது.

ரயில்களை நிறுத்தியது தவறா என்றால், இல்லை. படம் பொய்யாக இருந்தால் இழப்பு ஒன்றரை மணி நேரம். உண்மையாக இருந்து, பொய் என்று ஒதுக்கியிருந்தால் இழப்பு உயிர்கள். படம் எவ்வளவு சந்தேகத்துக்குரியதாக இருந்தாலும் முடிவெடுக்கும் நாற்காலியில் இருப்பவர் நிறுத்தத்தான் வேண்டும். கவனிக்க வேண்டியது அந்த ஒன்றரை மணி நேரம் எதில் போனது என்பதைத்தான். படம் ஏஐ செய்ததா என்ற விசாரணைக்காகப் பாதை காத்திருக்கவில்லை. இருட்டில் ஆள் போய்ப் பாலத்தைப் பார்த்து வருவதற்காகக் காத்திருந்தது. ‘இது ஏஐ படமா?’, ‘பாலம் உடைந்திருக்கிறதா?’ என்ற இரண்டும் வேறு வேறு கேள்விகள். பேரிடர் நேரத்தில் பதில் தேவைப்படுவது இரண்டாவதற்கு. இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான அறிவுரைகள் முதலாவதை மட்டுமே கற்றுத் தருகின்றன.

மேசையிலிருந்தே பார்க்கக்கூடியவை

ஆள் போய்ச் சேரும் வரை, மேசையில் இருந்து படத்தைச் சரிபார்ப்பவர் சும்மா இருக்க வேண்டியதில்லை. சந்தேகத்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ பத்து நிமிட வேலை போதும். முதலில் எடுக்க வேண்டியது நிலநடுக்கத்தின் அளவு. அந்த அளவுகோலில் ஒரு புள்ளி ஏறினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு கூடுகிறது. கட்டடங்களைச் சாய்க்கக்கூடிய 6.3 அளவு அதிர்வில் வெளிப்படுவது 3.3 அதிர்வைப் போல முப்பதாயிரம் மடங்குக்கும் மேல். பராமரிப்பில் இருக்கும் முதன்மைப் பாதைப் பாலம் 3.3 அதிர்வில் நொறுங்குவது நடக்காத காரியம் என்றே சொல்லலாம். இந்த ஒன்று மட்டுமே படத்தின் மீதான நம்பிக்கையைப் பாதாளத்துக்கு இறக்கிவிடுகிறது. ஆனாலும் பூஜ்யத்துக்கு இறக்குவதில்லை. ஆற்று நீர் அடித்தளத்தை ஏற்கெனவே அரித்திருக்கலாம். அதனால்தான் ஆய்வு.

அடுத்தது வெளிச்சம். டிசம்பர் தொடக்கத்தில் லங்காஸ்டரில் சூரியன் காலை 8 மணிக்குப் பிறகுதான் உதிக்கும், மாலை 4 மணிக்குள் மறைந்துவிடும். நள்ளிரவில் நடந்த சேதத்தின் படத்தில் பகல் வெளிச்சம் இருந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டிய தேவையே இல்லை. இரவுப் படம் என்றால் நிலாவைப் பார்க்க வேண்டும். டிசம்பர் 4 இரவு முழுநிலவு, எனவே முந்தின இரவிலும் நிலா ஏறக்குறைய வட்டம்தான். வானம் தெளிந்திருந்ததா, மேகமா என்பது வானிலைப் பதிவில் கிடைக்கும். எந்த ஊரின் எந்த நாளுக்கும் சூரியன் இருக்கும் திசையையும் உயரத்தையும் சன்கால்க் இணையதளம் காட்டும். நிழல் விழும் பக்கத்தோடு அதை ஒப்பிடலாம்.

லங்காஸ்டருக்கே உரிய ஒரு சோதனையும் உண்டு. கார்லைல் பாலம் நிற்கும் இடத்தில் லூன் ஆறு கடல் ஏற்றத்துக்கு உட்பட்டது. ஏற்றத்தைத் தடுக்கும் ஸ்கெர்ட்டன் அணை இன்னும் மேலே இருக்கிறது. ஆகவே ஆற்றில் நீர் எவ்வளவு உயரம் நிற்கிறது, கரைச்சேறு தெரிகிறதா என்பது மணிக்கு மணி மாறும். கடல் ஏற்ற இறக்க அட்டவணை முன்கூட்டியே அச்சாகிவிடுகிறது. இரவு 11.23 முதல் 12.30 வரை நீர்மட்டம் எங்கே இருந்திருக்க வேண்டும் என்று அட்டவணை சொல்லும், படம் சொல்வதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும். போலி செய்பவர் கல் உடைவதைக் கவனமாகச் செய்வார். கடல் ஏற்றத்தை நினைத்துப் பார்ப்பவர் அரிது.

பிறகுதான் பாலம். கூகுள் வீதிக் காட்சியில் அதே பாலத்தைத் திறந்து எண்ண வேண்டியவற்றை எண்ண வேண்டும்: தூண்கள், கண்கள், கைப்பிடியின் அமைப்பு, மின்கம்பங்களின் இடைவெளி. இந்தப் பாதையில் மேலே 25,000 வோல்ட் மின்கம்பி ஓடுகிறது. பாலம் உடைந்தால் கம்பம் சாயும், கம்பி தொய்யும் அல்லது அறும். கீழே கல் சரிந்து கிடக்க, மேலே கம்பி மட்டும் நேராக இழுத்துக் கட்டியபடி இருந்தால் அது உடைந்த பாலமல்ல, உடைந்ததாக வரையப்பட்ட பாலம். தண்டவாளத்துக்கும் இதே விதி. அடித்தளம் போன இடத்தில் தண்டவாளம் ஊஞ்சல் போலத் தொங்கும். சேதத்தின் தோற்றத்தை ஏஐ நன்றாகவே போடுகிறது, சேதத்தின் விளைவுகளைத்தான் விட்டுவிடுகிறது.

ஆறு விரல் இருக்கிறதா, எழுத்துகள் குழம்பியிருக்கின்றனவா என்று தேடும் பழக்கத்தை இனி நம்ப முடியாது. 2023 பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்தின்போது குழந்தையைத் தூக்கி நிற்கும் கிரேக்கத் தீயணைப்பு வீரரின் படம் பிடிபட்டது ஆறு விரலால்தான். ஏஐ மாதிரிகள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டன. ஆறு விரல் இருந்தால் பொய் என்று சொல்லலாம். ஐந்து விரல் இருப்பதால் உண்மை என்று சொல்ல முடியாது.

ஷிசுவோக்காவிலிருந்து லங்காஸ்டர் வரை மாறியது என்ன

2022 செப்டம்பரில் தலாஸ் புயல் ஜப்பானின் ஷிசுவோக்கா மாநிலத்தில் கனமழை கொட்டியது. ஷிமிசு வட்டாரத்தில் பல்லாயிரம் வீடுகளுக்குக் குடிநீர் நின்றது. அந்த வேளையில், ட்ரோனில் எடுத்த வெள்ளக் காட்சி என்ற குறிப்போடு ட்விட்டரில் மூன்று படங்கள் வந்தன. ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற கருவி பொதுமக்கள் கைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வெள்ளச் சேதம், ஷிசுவோக்கா போன்ற சில சொற்களைக் கொடுத்துச் செய்தது என்று பதிவிட்டவரே பிறகு ஒப்புக்கொண்டார். படத்தில் இருந்தது எந்த ஊருமல்ல. ‘ஏதோ ஒரு ஜப்பானிய ஊர்’. வீட்டுக் கூரைகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருந்தன, நீர் ஓடும் திசையில் பொருத்தமில்லை. எந்தத் தெரு என்று கேட்டிருந்தாலே கதை முடிந்திருக்கும்.

இப்போதைய கருவிகளிடம் ஒரு ஊரின் உண்மையான புகைப்படத்தையே கொடுத்து, ‘இந்தப் பாலத்தின் நடுப்பகுதியை மட்டும் உடை’ என்று சொன்னால் போதும். தூண் எண்ணிக்கை சரியாக இருக்கும், கைப்பிடி சரியாக இருக்கும், பின்னணிக் கட்டடமும் சரியாக இருக்கும். இடம் பொருந்துகிறது என்பதையே சான்றாகக் கொண்டு பழகிய சரிபார்ப்பாளர்களுக்கு இது பெரிய அடி. ஆனால் அதே முறையில் ஒரு பலவீனமும் இருக்கிறது: மூலப்படம் எங்கோ இருக்கிறது.

அதைத் தேடும் முறை இது. உடைந்ததாகக் காட்டும் பகுதியை வெட்டி நீக்கிவிட்டு, மீதியை மட்டும் கூகுள் லென்ஸ், டின்ஐ, யாண்டெக்ஸ் என்ற படத் தேடல் கருவிகள் மூன்றிலும் போட வேண்டும். முழுப் படத்தையும் போட்டால் தேடுபொறி சிதைவைப் பிடித்துக்கொண்டு வேறு ஏதோ இடிபாட்டைக் காட்டும். கிடைக்காவிட்டால் இடவலமாகத் திருப்பி ஒருமுறை போட வேண்டும். டின்ஐ தளத்தில் பழையது முதலில் வரும்படி வரிசைப்படுத்தலாம். அதே கோணம், அதே மேகம், அதே இடத்தில் நிற்கும் அதே வாகனம் கொண்ட முழுப் பாலத்தின் படம் ஒன்று கிடைத்துவிட்டால் விவாதமே இல்லை. எதுவும் கிடைக்காமல் போனால் அதிலிருந்து ஒன்றும் தெரிவதில்லை. பழைய படத்தைப் புதிது என்று ஏமாற்றிய காலத்தில் ‘தேடலில் வரவில்லை’ என்பது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஏஐ படம் ஒவ்வொன்றும் புதிதுதான். தேடலில் வராதது அதன் இயல்பு.

காணொளி என்றால் இன்விட் என்ற உலாவி நீட்சி அதைத் தனித்தனிப் படங்களாகப் பிரித்துத் தரும், ஒவ்வொன்றையும் இதே போலத் தேடலாம். 2025 அக்டோபர் 28 அன்று ஜமைக்காவைத் தாக்கிய மெலிசா புயலின்போது, சோரா போன்ற ஏஐ கருவிகளில் செய்த காணொளிகள் வாட்ஸ்அப் குழுக்களை நிறைத்தன. ஓட்டல் நீச்சல் குளத்தில் சுறா நீந்தியது. சில காணொளிகளில் கருவியின் நீர்முத்திரை (வாட்டர்மார்க்) இருந்த இடம் மங்கலாக்கப்பட்டிருந்தது. படத்தின் ஒரு மூலையில் மட்டும் காரணமில்லாத மங்கல் கட்டம் தெரிந்தால் யாரோ எதையோ அழித்திருக்கிறார்கள். புயலின் கண்ணுக்குள் பறவைக் கூட்டம் வட்டமிடுவதாக வந்த காட்சிக்கு மென்பொருள் எதுவும் தேவைப்படவில்லை. கண்ணின் அகலம் பல கிலோமீட்டர். அது முழுவதும் தெரியும் உயரத்திலிருந்து பார்க்கும்போது பறவை தெரிய வேண்டுமானால் ஒவ்வொன்றும் கால்பந்து மைதானத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.

கண்டறியும் கருவிகளை எவ்வளவு நம்பலாம்

ஏஐ படமா என்று சதவீதக் கணக்கில் சொல்லும் கருவிகள் பல இருக்கின்றன. செய்தி அறைகளில் அவற்றுக்குக் கிடைக்கும் மரியாதை அளவுக்கு மீறியது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பேரிடர் நாளில் 1,000 படங்கள் வருகின்றன, அவற்றில் 50 போலி என்று வைத்துக்கொள்வோம். கருவி நூற்றுக்குத் தொண்ணூறு முறை சரியாகச் சொல்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். 50 போலிகளில் 45ஐப் பிடிக்கும். மீதி 950 உண்மைப் படங்களில் 95ஐப் போலி என்று சொல்லும். ஆக அது போலி என்று கைகாட்டிய 140 படங்களில் 95 உண்மையானவை. அந்த 95இல் ஒன்று மாடியில் சிக்கியவர் அனுப்பிய படமாக இருக்கலாம்.

வாட்ஸ்அப் வழியாக நாலு கை மாறிய படத்தில் நிலைமை இன்னும் மோசம். ஒவ்வொரு முறையும் படம் சுருக்கப்படுகிறது. கருவி தேடும் நுண்தடயங்கள் சுருக்கத்தில் அழிந்துபோகின்றன, சுருக்கமே விட்டுச்செல்லும் கறைகளைக் கருவி ஏஐ தடயமாக எடுத்துக்கொள்ளவும் செய்கிறது. எடுத்த நேரம், இடம், கேமரா பற்றிய உள்குறிப்பும் வழியில் கழன்றுவிடுகிறது. எனவே அனுப்பியவரிடமே படத்தை ஆவணமாக அனுப்பச் சொல்லிக் கேட்பது நல்லது. வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ வழியாக அனுப்பினால் மூலக் கோப்பு அப்படியே வரும். ‘எனக்கும் ஃபார்வர்டாகத்தான் வந்தது’ என்று பதில் வந்தால் அதுவும் பயனுள்ள தகவல்.

நீர்முத்திரைகள் ஒருபக்கம் மட்டும் வேலை செய்கின்றன. கூகுளின் சின்த்ஐடி கண்ணுக்குத் தெரியாத குறியைப் படத்துக்குள் பதிக்கிறது. ஜெமினி செயலியில் படத்தை ஏற்றிக் கேட்டால் குறி இருக்கிறதா என்று சொல்லும். இருந்தால் வலுவான சான்று. இல்லை என்றால், அந்த முத்திரை பதிக்கும் கருவியில் செய்யப்படவில்லை அல்லது குறி சிதைந்துவிட்டது என்று மட்டுமே பொருள். படம் எப்படி உருவானது என்பதைக் கோப்போடு சேர்த்து வைக்கும் சி2பிஏ சான்றுக் குறிப்பும் அப்படித்தான், திரைப்பிடிப்பு எடுத்தாலே போய்விடும். உரையாடு கருவியிடம் ‘இது பொய்யா?’ என்று கேட்டால் கேட்ட தொனிக்கேற்ற பதில் வரும். ‘எந்தெந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்?’ என்று கேட்டு, அந்த இடங்களை நம் கண்ணால் பார்ப்பதே அதைப் பயன்படுத்தும் முறை.

இவை எல்லாவற்றையும்விட வலுவான சான்று இரண்டாவது கோணம். நகர நடுவில் பாலம் உடைந்தால் இரு கரையிலிருந்தும் படம் வரும், கீழே நடப்பவர் எடுப்பார், எதிர் வீட்டு மாடியிலிருந்து ஒருவர் எடுப்பார். ஒரு மணி நேரம் கழிந்தும் ஒரே ஒரு படம் மட்டும், ஒரே கோணத்தில், ஆயிரம் கணக்குகளில் சுற்றுகிறது என்றால் பெரும்பாலும் அது பொய். மின்சாரமும் செல்பேசிக் கோபுரமும் விழுந்த பகுதியில் இந்த விதியைத் தளர்த்திக்கொள்ள வேண்டும். லங்காஸ்டரில் எதுவும் விழவில்லை.

களத்தில் ஒருவரைப் பிடித்துவிட்டால் பொதுவாகப் ‘பாலம் எப்படி இருக்கிறது?’ என்று கேட்கக் கூடாது. பிரிட்டனில் பல ரயில் பாலங்களில் பால எண்ணும் தொலைபேசி எண்ணும் கொண்ட தகடு பொருத்தியிருப்பார்கள். நம் ரயில் பாலங்களிலும் எண்ணைப் பெயின்டில் எழுதியிருப்பார்கள். ‘அந்த எண் தெரியும்படி இப்போது ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்’ என்று கேட்டால் இடம், நேரம், ஆள் மூன்றும் ஒரே படத்தில் உறுதியாகிவிடும்.

உண்மையைப் பொய் என்று தள்ளும் ஆபத்து

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில், முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று பரவியது. பண்ணை மறுத்தது, வதந்தி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெருங்களத்தூர் அருகே இரவில் முதலை ஒன்று சாலையைக் கடக்கும் காணொளி வந்தது. பழைய அனுபவம் உள்ளவர்கள் உடனே ‘ஃபேக்’ என்றார்கள். அது உண்மை. சென்னையைச் சுற்றியுள்ள சில நீர்நிலைகளில் சதுப்புநில முதலைகள் இருப்பதை வனத்துறைச் செயலர் சுப்ரியா சாகு விளக்கி உறுதிப்படுத்தினார். வினோதமாக இருப்பது பொய்யின் அடையாளமல்ல. சரிபார்ப்புப் பதிவேட்டில் உண்மை, பொய் என்ற இரண்டு கட்டங்களோடு ‘இன்னும் தெரியாது’ என்ற மூன்றாவது கட்டமும் வேண்டும். பேரிடரின் முதல் மணி நேரத்தில் பெரும்பாலானவை அங்கேதான் இருக்க வேண்டும்.

உதவி கேட்கும் பதிவுகளுக்குத் தனி விதி. 2024 ஜனவரி 1 அன்று ஜப்பானின் நோட்டோ தீபகற்பத்தை 7.6 அளவு நிலநடுக்கம் தாக்கியபோது, எக்ஸ் தளத்தில் பொய்யான மீட்புக் கோரிக்கைகள் குவிந்தன. பார்வைகளுக்குப் பணம் தரும் முறை அதற்கு முந்தின ஆண்டுதான் வந்திருந்தது. பிறருடைய கதறலை அப்படியே நகலெடுத்துப் போட்ட கணக்குகளும் இருந்தன. பொய்க் கோரிக்கை போட்டு மீட்புப் பணியைக் கெடுத்ததாக ஒருவர் அந்த ஜூலையில் கைது செய்யப்பட்டார். ஆனால் சந்தேகத்தின் பேரில் எந்த மீட்புக் கோரிக்கையையும் ஒதுக்கக் கூடாது. கொடுத்த எண்ணுக்கு அழைக்க வேண்டும். எண் இல்லையென்றால் அதே வாசகம் வேறு கணக்கில் முன்பே வந்திருக்கிறதா என்று தேடி, முதலில் எழுதியவரைப் பிடிக்க வேண்டும். நகலெடுத்தவர் பொய்யர், முதலில் எழுதியவர் உண்மையிலேயே சிக்கியிருக்கலாம். தமிழ்நாட்டில் மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்ட அறை 1077.

எழுத்தாகவும் குரல்பதிவாகவும் வரும் வதந்திகளுக்குப் படத் தேடல் உதவாது, எண்கள் உதவும். செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. ‘விநாடிக்கு ஒரு லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள்’ என்று செய்தி வந்தால் வகுத்துப் பார்க்கலாம். நிரம்பிய ஏரியே, புதிதாக நீர் வராவிட்டால், பத்து மணி நேரத்தில் காலியாகிவிடும். 2015 டிசம்பர் பெருவெள்ளத்தில் திறக்கப்பட்ட உச்ச அளவே அரசுக் கணக்கில் விநாடிக்கு 29,000 கன அடி. லங்காஸ்டரில் 3.3 என்ற எண் செய்த வேலையை இங்கே இந்த எண்கள் செய்கின்றன.

மறுப்பை எப்படி எழுதுவது

2024 செப்டம்பர் 26 அன்று ஃபுளோரிடாவில் கரை கடந்த ஹெலீன் புயலுக்குப் பிறகு, படகில் நாய்க்குட்டியை அணைத்தபடி அழும் சிறுமியின் படம் பரவியது. அது இரண்டு வடிவங்களில் சுற்றியது. ஒன்றில் படகு ஒரு நிறம், மற்றதில் வேறு நிறம், சிறுமியின் உடையும் மாறியிருந்தது. ஒரே நொடியில் எடுத்த புகைப்படத்தில் படகின் நிறம் மாறாது. செனட்டர் மைக் லீ அதைப் பகிர்ந்து, பிறகு நீக்கினார். குடியரசுக் கட்சியின் தேசியக் குழு உறுப்பினர் ஏமி கிரெமர் நீக்க மறுத்தார். படம் எங்கிருந்து வந்தது என்பது பொருட்டல்ல, மக்கள் படும் துன்பத்தின் சின்னமாக அது இருக்கட்டும் என்பது அவர் வாதம். இப்படி ஏற்றுக்கொண்டவரிடம் விரல் எண்ணிக்கை பேசிப் பயனில்லை. அவரைப் பின்தொடர்பவர்களுக்கு உண்மையான சேதப் படங்களைக் காட்டலாம், அவை ஏராளமாக இருந்தன. அமெரிக்கப் பேரிடர் முகமையான ஃபெமா அப்போது வதந்திகளுக்கென்றே தனிப் பக்கம் திறந்தது. பாதிக்கப்பட்டோருக்கு 750 டாலர் மட்டுமே கிடைக்கும் என்ற வதந்திக்கு அங்கே நேரடிப் பதில் இருந்தது: அது உடனடித் தேவைக்கான முதல் தொகை, மற்ற உதவிகள் தனி.

மறுப்பின் முதல் வரியில் உண்மை இருக்க வேண்டும், வதந்தி அல்ல. ‘பாலம் உடைந்ததாகப் பரவும் செய்தி பொய்’ என்று தொடங்கினால் அரைத் தூக்கத்தில் படிப்பவர் மனத்தில் நிற்பது ‘பாலம் உடைந்தது’. ‘கார்லைல் பாலம் நன்றாக இருக்கிறது. பொறியாளர்கள் பார்த்தார்கள். 2 மணி முதல் ரயில் ஓடுகிறது’ என்று எழுதி, அதன் கீழே போலிப் படம் பற்றிச் சொல்லலாம். போலிப் படத்தைக் காட்டியே ஆக வேண்டுமானால் குறுக்கே பெரிய எழுத்தில் ‘போலி’ என்று முகங்களையும் சேதப் பகுதியையும் மறைத்தபடி அச்சிட வேண்டும். மூலையில் சின்ன முத்திரை போட்டால் அடுத்த ஆள் வெட்டிவிடுவார். பார்த்த நேரத்தையும் எழுத வேண்டும், பேரிடரில் நிலைமை மாறக்கூடியது. மறுப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது இணைப்பை மட்டும் கொடுக்காமல் ஒரே படமாகச் செய்து அனுப்புவது நல்லது, சிக்னல் குறைந்த இடத்தில் இணைப்பு திறக்காது.

பிரிட்டன் ரயில்வே காவல்துறைக்கு லங்காஸ்டர் படம் பற்றித் தெரிவிக்கப்பட்டது, ஆனால் விசாரணை எதுவும் நடக்கவில்லை என்று அது சொன்னது. இந்தியாவில் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005இன் 54ஆம் பிரிவு, பீதி ஏற்படுத்தும் பொய் எச்சரிக்கையைப் பரப்பினால் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் என்கிறது. செய்தவரை அடையாளம் காண்பது வேறு வேலை. அதற்கு முதல் பதிவின் முகவரியும் நேரமும் திரைப்பிடிப்பும் தேவை. அவற்றை மறுப்பு வெளியிடும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், மறுப்பு வந்த சில நிமிடங்களில் முதல் பதிவு பெரும்பாலும் காணாமல் போய்விடும்.